மறதியும் நாணயமும்

கொடுத்த வாக்கை மறந்தவரும் கொடுத்த வாக்கை வேண்டுமென்றே மீறியவரும் ஒரே குற்றத்தைச் செய்தவர்களா? இது பழைய கேள்வி. ஆயினும் கொடுக்கல் வாங்கலில் வாழ்கிற நமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்ற ஒரே சொல்லை வழங்கி வருகிற மொழி நம்முடையது. ஆதலால் சொன்ன நாளில் பணம் வராதபோது, கொடுத்தவர் மனத்தில் பணத்தைப் பற்றிய கவலை மட்டும் எழுவதில்லை. வாங்கியவரைப் பற்றிய சந்தேகமும் உடன் எழுகிறது. "மறந்துவிட்டேன்" என்ற பதிலை முதல் முறை ஏற்றுக் கொள்கிறோம். இரண்டாம் முறை முகம் சுளிக்கிறோம். மூன்றாம் முறை அம்மனிதரைப் பற்றிய தீர்ப்பை எழுதி முடித்துவிடுகிறோம்.

ஒரு மளிகைக் கடை முதலாளியை மனக்கண் முன் நிறுத்திப் பாருங்கள். வயது நாற்பத்தைந்து. விலை பேசுவதில் கெட்டிக்காரர். அவசரமான வேளையில் கலங்காமல் நின்று பத்துப் பேரை ஏவிக் காரியத்தை முடிப்பவர். ஆனால் மொத்த வியாபாரிக்கு வெள்ளிக்கிழமை அனுப்புவதாகச் சொன்ன காசோலை மேசை இழுப்பறையிலேயே கிடக்கிறது. வரிக் கணக்கு கடைசி நாள் நள்ளிரவில்தான் நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு காலையும் சாவியைத் தேடுவதில் கழிகிறது. மலிவாகக் கிடைக்கிறதென்று நூறு பெட்டிச் சரக்கை நின்ற நிலையில் பேசி வாங்கிவிட்டு, அடுக்க இடமின்றி விழிக்கிறார். ஒருவரிடம் பேசிக் கொண்டிருக்கையிலேயே எழுந்து வேறொன்றைக் கவனிக்கப் போய்விடுகிறார். இவர் ஏமாற்றுக்காரரா, சோம்பேறியா, பொறுப்பற்றவரா?

இப்படிப்பட்டவர்கள் எல்லோருமல்ல, ஒரு சிலர், பிறவியிலேயே அமைந்த ஒரு குறைபாட்டைச் சுமப்பவர்கள் என்று வைத்திய சாஸ்திரம் சொல்லுகிறது. 'ஏ.டி.எச்.டி.' என்று எழுத்துக்களால் அழைக்கப்படும் இதைத் தமிழில் கவனக்குறைவு மிகைச் செயல் குறைபாடு என்கிறார்கள். வயது வந்தோரில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது உண்டென்பது மதிப்பீடு. இது இன்று நேற்று புதிதாய்க் கண்டதுமன்று. 1798-லேயே அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர், எதிலும் நிலைத்து நிற்கமாட்டாத மனத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். 1902-ல் லண்டன் வைத்தியக் கல்லூரியில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் நிகழ்த்திய சொற்பொழிவுகள் நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானவை. அறிவில் குறைவில்லாத சில குழந்தைகள் தங்களை அடக்கிக் கொள்ள மாட்டாதிருப்பதைக் கண்ட அவர், அதற்கு 'ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை' என்று பெயர் வைத்தார். உடம்பின் அமைப்பில் காரணம் இருக்கலாமென்று அவரே கருதினார். ஆனாலும் 'ஒழுக்கம்' என்ற சொல் அதில் ஒட்டிக் கொண்டது. பிறகு வந்தவர்கள் அதைக் கழற்றினார்கள். 1968-ல் அமெரிக்க மனநோய் வைத்தியர்களின் கைந்நூல் அதைக் குழந்தைப் பருவத்தின் மிகைச் செயல் என்றது. 1980-ல் கவனக்குறைவு என்றது. 1987-ல் இப்போதைய பெயர் வந்தது. வளர்ந்தவர்களிடமும் இது தொடர்வதை 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு முன்னிலும் தெளிவாக ஏற்றது. பெயரிலிருந்து ஒழுக்கம் நீங்கிற்று. ஊரார் பேச்சிலிருந்து நீங்கியதா என்பது வேறு விஷயம்.

ஊரார் தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கத்தான் செய்கிறது. "கால்பந்தாட்டம் என்றால் மூன்று மணி நேரம் கண் இமைக்காமல் பார்க்கிறாரே! பத்து வருஷத்துக்கு முந்திய கோல் கணக்கெல்லாம் வாயில் நிற்கிறதே! என் பாக்கி மட்டும் எப்படி மறக்கும்?" என்று கேட்பார்கள். மேற்போக்காகப் பார்த்தால் இதற்குப் பதில் இல்லை என்றே தோன்றும். ஆனால் இந்தக் குறைபாட்டின் இயல்பே அதுதான். கவனம் இல்லாமற் போவதன்று இது. கவனத்தை வேண்டிய திக்கில் திருப்பும் சுக்கான் தளர்ந்திருப்பது. சுவையுள்ளதும் அவசரமானதும் அவர்களைத் தாமாகவே இழுத்துக் கொள்ளும். சுவையற்றதும் நாளைக்கு உரியதுமான காரியத்துக்கு அந்த இழுவிசை இல்லை. அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ரஸ்ஸல் பார்க்லி இதை அழகாக விளக்குகிறார்: செய்ய வேண்டியது என்ன என்று இவர்களுக்குத் தெரியாமலில்லை, தெரிந்ததைச் செய்யவேண்டிய வேளையில் செய்ய முடிவதில்லை. காலத்தின் நீளம் இவர்களுக்கு மற்றவர்களைப் போல் புலப்படுவதில்லை என்றும் அவர் சொல்லுகிறார். இவர்களுடைய நாட்காட்டியில் 'இப்போது' ஒன்று, 'இப்போதல்ல' ஒன்று என இரண்டே நாட்கள் இருப்பதாக வைத்துக் கொள்ளலாம்.

அப்படியானால் பொறுப்பே இல்லையா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் தமது ஒழுக்க நூலின் மூன்றாம் புத்தகத்தில் இந்த இடத்தைத் தொட்டிருக்கிறார். குடிமயக்கத்தில் குற்றம் செய்தவனுக்கு இரட்டிப்புத் தண்டனை விதிக்கும் சட்டத்தை அவர் எடுத்துக் காட்டுகிறார். மயக்கத்தில் செய்தது தெரியாதுதான். ஆனால் குடிக்காமலிருப்பது அவன் கையில் இருந்ததல்லவா? அசட்டையால் வந்த அறியாமைக்கும் அதே நீதி. உடனே அவரே ஒரு தடையை எழுப்புகிறார்: கவனமாயிருக்க முடியாத சுபாவமே ஒருவனுக்கு இருந்தால் என்ன செய்வது? தளர்ந்த வாழ்க்கை வாழ்ந்து அப்படிப்பட்ட சுபாவத்தைத் தேடிக் கொண்டவனும் அவன்தான் என்பது அவருடைய பதில்.

அந்தப் பதில் இங்கே செல்லாது என்பது நம் கருத்து. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகள், மனிதருக்கு மனிதர் இதில் காணும் வேற்றுமையில் ஏறக்குறைய முக்கால் பங்கு பரம்பரையால் வருவதென்று காட்டுகின்றன. உயரத்தைத் தேடிக் கொள்ளாதவன் போலவே இதையும் எவனும் தேடிக் கொள்ளவில்லை. ஆனால் குடிகாரனைப் பற்றிய உதாரணத்தின் முதற்பாதி அப்படியே நிற்கிறது. தன் நிலை தெரிந்தவன் அதற்கு ஏற்பாடு செய்யக் கடமைப்பட்டவன். மறந்ததற்கு அவன் குற்றவாளியல்லன். தான் மறப்பவன் என்று தெரிந்தும் வெறும் வாயால் "சரி, பார்த்துக் கொள்கிறேன்" என்று சொன்னதற்குக் குற்றவாளிதான். ஆகவே நோயின் பெயர் தெரிந்த நாளிலிருந்து ஒருவருடைய பொறுப்பு குறைவதில்லை, கூடுகிறது. இது கசப்பாயிருக்கலாம். ஆயினும் கடன் கொடுத்தவரும் மனிதர். அவருக்கும் குடும்பம் உண்டு.

இதில் இன்னொரு சிக்கல். மணியடித்தால்தான் எழுவேன், எழுதி வைத்தால்தான் கொடுப்பேன் என்பவருடைய நேர்மை இரவல் நேர்மையா? 1998-ல் ஆண்டி கிளார்க், டேவிட் சால்மர்ஸ் என்ற இரு தத்துவ ஆசிரியர்கள், ஞாபகம் அழிந்துவரும் ஒரு மனிதனைக் கற்பனை செய்து எழுதினார்கள். தெரிந்ததையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி எந்நேரமும் உடன் வைத்திருக்கிறான். அந்த ஏடு அவன் மனத்தின் ஒரு பகுதியே என்று அவர்கள் வாதித்தார்கள். மறுத்தவர்களும் உண்டு. நமக்கு அந்தத் தர்க்கம் முழுதும் வேண்டியதில்லை. கண்ணாடி போட்டுக் கொண்டு படிப்பவரைப் படிக்காதவரென்று யாராவது சொல்லுவார்களா? திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (அல்பகரா 282) கடனைப் பற்றியதென்பது நம்மவர் அறிந்ததே. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் தவணையோடு எழுதி வைக்கும்படி அது பணிக்கிறது. கைக்குக் கை நடக்கும் வியாபாரத்துக்கே விலக்கு. மறதிக்காரர் மட்டும் எழுதினால் போதுமென்று அங்கே பிரித்துச் சொல்லப்படவில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். ஏடு ஒன்றே ஒன்றாயிருக்க வேண்டும். கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று, சட்டைப் பையில் துண்டுக் காகிதம், கைத்தொலைபேசியில் பாதி என்று பிரிந்தால், எதில் எழுதினோம் என்பதே மறந்துபோகும். எழுதுகிற வேளையும் முக்கியம். "சரி" என்ற சொல் வாயிலிருந்து வருவதற்கு முன்னால் எழுத்து விழவேண்டும். பிறகு எழுதலாம் என்பவர் எழுதப் போவதில்லை. எதிரில் நிற்பவர் தப்பாக நினைப்பாரோ என்று கூசவேண்டாம். தம் பெயரும் தொகையும் ஏட்டில் ஏறுவதைக் கண்ட மனிதர் மனநிறைவோடுதான் போவார்.

மனத்தின் வேலையைக் கண்ணுக்கும் காதுக்கும் மாற்றிவிடுவதே மற்றவற்றின் சூட்சுமம். சாவிக்குக் கதவோரம் ஓர் ஆணி. கல்லாவுக்கு எதிரே பெரிய கடிகாரம். தவணை நாளுக்கு ஒரு மணியல்ல, மூன்று நாள் முன்னதாக ஒன்றும் அன்று காலை ஒன்றுமாக இரண்டு மணி. 'நாளை வங்கிக்குப் போகவேண்டும்' என்று நினைப்பதைவிட, 'லுஹர் தொழுது திரும்புகிற வழியில் வங்கியில் நுழைவேன்' என்று ஒரு நிகழ்ச்சியோடு முடிச்சுப் போட்டு வைப்பது பலன் தரும். இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்ற இவ்வகைத் தீர்மானத்தின் வலிமையை ஜெர்மானிய நிபுணர் பீட்டர் கால்விட்சர் ஆராய்ந்து 1999-ல் எழுதினார். மாதந்தோறும் ஒரே தொகையாய்ப் போகும் வாடகை, மின்கட்டணம் முதலியவற்றை வங்கியே கழித்துக் கட்டும்படி செய்துவிட்டால், மறக்கக் கூடியவை அத்தனை குறையும். சரக்குக் கொள்முதலில் ஓர் இரவு தாமதம் என்று விதி வைத்துக் கொள்ளலாம். "நாளைக் காலை சொல்லுகிறேன்" என்பதைக் கேட்டுப் பேரம் முறிந்தால், அதனால் வரும் நஷ்டம் இடமில்லாத நூறு பெட்டியைவிடச் சிறியதாகவே இருக்கும்.

கணக்கெழுதப் பிடிக்கவில்லையா? எதிரில் ஓர் ஆளை உட்கார வைத்துக் கொள்ளுங்கள். அவர் உதவ வேண்டியதில்லை. தம் வேலையைப் பார்த்துக் கொண்டிருந்தால் போதும். பக்கத்தில் ஆள் இருப்பது இவர்களை நாற்காலியில் நிறுத்தி வைப்பதாக அனுபவப்பட்ட பலர் சொல்லுகிறார்கள்.

எந்த ஏற்பாடும் சில வாரங்களில் பழகிச் சலித்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அடிக்கிற மணி காதில் விழாத மணியாகிவிடும். சுவரில் ஒட்டிய காகிதம் சுவராகிவிடும். அதைத் தோல்வி என்று எண்ணி எல்லாவற்றையும் தூக்கியெறிய வேண்டியதில்லை. மணியின் ஓசையை மாற்றுங்கள், காகிதத்தின் நிறத்தை மாற்றுங்கள். பாஸ்டன் நகரத்தில் நடந்து 2010-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், மருந்து உண்டும் தொல்லை தீராத 86 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு நாட்காட்டி, வேலைப் பட்டியல், பெரிய வேலையைச் சிறிதாக உடைத்தல் ஆகியவற்றில் பயிற்சி. மற்றதற்கு உடம்பைத் தளர்த்தி ஓய்வெடுக்கும் பயிற்சி. முதற்பிரிவினரே அதிகம் தேறினார்கள்.

பங்காளிகளுக்கும் பெரிய முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. கடையில் இப்படியோர் ஆள் இருந்தால், மாதக் கணக்கை அவர் தலையில் கட்டிவிட்டு வசைபாடுவது யாருக்கும் இலாபமில்லை. வாங்குவோரிடம் பேசும் வேலையில் விட்டால் அவரே கடையின் தூணாகவும் இருக்கலாம். காசோலையைக் கணக்கப்பிள்ளை எழுதட்டும்.

தமக்கே இது இருக்குமோ என்று ஐயப்படுகிறவர் தாமே முடிவு கட்டிவிடக் கூடாது. தூக்கக் குறைவு, மனச்சோர்வு, தைராய்டுக் கோளாறு ஆகியவையும் ஏறக்குறைய இதே போல் தோன்றும். முதலில் வழக்கமான வைத்தியரிடம் போனால், அவர் மனநல நிபுணரிடம் அனுப்புவார். மருந்துகள் உண்டு, பலருக்கு நன்றாகவே வேலை செய்கின்றன, ஆனால் இரத்த அழுத்தமும் இருதயமும் பார்த்து வைத்தியர்தான் தரவேண்டும். அங்கே பெரும்பாலும் இளமைக் காலத்தைப் பற்றியே கேட்பார்கள், ஏனென்றால் பன்னிரண்டு வயதுக்கு முன்னரே இதன் அடையாளம் தென்பட்டிருக்க வேண்டும். பழைய பள்ளிக்கூட ரிப்போர்ட் புத்தகம் எங்கேனும் கிடந்தால் எடுத்துச் செல்லுங்கள். தாயாரோ மூத்த சகோதரியோ இருந்தால் அவர்களையும் உடன் அழைத்துப் போவது நல்லது. நாம் மறந்தது அவர்களுக்கு நினைவிருக்கும்.