கதைமாந்தர்மேற் கொண்ட அன்பு

செங்கலடியிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் வீதியில், வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் கடந்து உள்ளே சென்றால் வருவது கரடியனாறு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, மக்கள் படுவான்கரை என வழங்கும் நிலப்பரப்பைச் சார்ந்த வேளாண்மைக் கிராமம் அது. அங்கே பதினாறு வயது மாணவி ஒருத்தி இருக்கிறாள் எனக் கொள்வோம். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்தாம் பாகத்தின் இறுதிப் பக்கங்களை அவள் படித்து முடிக்கிறாள். சம்புவரையர் மகள் மணிமேகலை, தன் அன்புக்குரியவனின் மடியில் உயிர் துறக்கும் இடத்தில் அவள் விம்மி அழுகிறாள். அவ்வேளையில் அடுத்த அறையில் முழங்கால் நோவினால் முனகிக்கொண்டிருக்கும் அம்மம்மா, “பிள்ளை, கொஞ்சம் தண்ணி தா” என்று இரு முறை கூப்பிட்டும் அவள் காதில் அது விழவில்லை.

இச்சிறு நிகழ்ச்சியில் ஒரு பெருங் கேள்வி அடங்கியிருக்கின்றது. என்றுமே வாழ்ந்திராத ஒருத்திக்காக வடிக்கப்படும் கண்ணீருக்கு அறத்தின் கணக்கிலே பெறுமதி ஏதும் உண்டா? அன்றி, உயிருள்ளவர்க்குச் சேரவேண்டிய அன்பைக் கற்பனை மாந்தர் களவாடிச் செல்கின்றனரா?

இளம் வாசகர் கதைமாந்தர்மேற் கொள்ளும் ஈடுபாடு புதிய தொன்றன்று. 1893இல் ஆதர் கொனன் டொயில் தம் துப்பறியும் நாயகனாகிய ஷெர்லொக் ஹோம்ஸ் அருவியில் வீழ்ந்து மடிந்ததாக எழுதியபோது வாசகர் கொதித்தெழுந்தனர்; 1903இல் ஆசிரியர் அவனை உயிர்ப்பித்தே ஆகவேண்டியதாயிற்று. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் பொன்னியின் செல்வன் தொடராக வந்த காலத்தில் அதனை வாரந்தோறும் காத்திருந்து படித்தோரின் பேரப் பிள்ளைகள் இன்றும் வந்தியத்தேவனைத் தம் தோழனாகவே கருதுகின்றனர். மேலைநாட்டில் இளையோர் புனைகதை என்னும் தனித்துறை வலுப்பெறுவதற்குக் காரணமான நூல்களுள் ஒன்று 1967இல் வெளிவந்த எஸ். ஈ. ஹின்டனின் ‘தி அவுட்சைடர்ஸ்’ என்னும் நாவலாகும். அதனை எழுதத் தொடங்கியபோது ஆசிரியையும் பள்ளி மாணவியாகவே இருந்தார். 1997 முதல் 2007 வரை ஏழு நூல்களாக வெளிவந்த ஹரி பொட்டர் கதைகள் தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளன.

இவ்வீடுபாடு இளமைப் பருவத்திலே மிகுதியாதற்குக் காரணம் உண்டு. தான் யார், எத்தகைய மனிதனாக வாழப்போகிறான் என்ற வினாக்கள் உள்ளத்தை முதன்முதலாக உறுத்தும் பருவம் அது. வீட்டாரும் ஊராரும் காட்டும் வாழ்க்கை ஒன்றிரண்டே. கதையோ பல வாழ்க்கைகளை முன்வைத்து, ஒவ்வொன்றையும் சிறிது நேரம் உடுத்திப் பார்க்க இடமளிக்கின்றது. பரீட்சைக்குப் படிக்க வேண்டிய காலத்தில் கதைப் புத்தகம் எதற்கு எனக் கடியும் பெற்றோர், பிள்ளை பொழுதைப் போக்குகிறது என்று எண்ணுகின்றனர். உண்மையில் அது தன்னைத் தேடிக்கொண்டிருக்கின்றது.

ஆயினும் தேடுவோர் எல்லோரும் கண்டடைவதில்லை. கதையின்பத்தின்மேல் ஐயங்கொண்ட சிந்தனையாளரும் பலர். பிளேட்டோ தம் இலட்சியக் குடியரசிலே கவிஞர்க்கு இடமளிக்கத் தயங்கினார். ரூசோ 1758இல் தலம்பேருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இதனினும் கூரிய குற்றச்சாட்டு ஒன்றை வைத்தார். அரங்கிலே கற்பனைத் துயரத்துக்காக அழுகின்றவன், தன் மனிதக் கடமையை அழுகையாலேயே செலுத்தி முடித்துவிட்டதாக எண்ணி, தன்னிடமிருந்து வேறெதனையும் கொடாமல் மனநிறைவோடு வீடு திரும்புகிறான் என்பது அவர் கருத்து. 1975இல் கொலின் ரட்ஃபோட் என்ற மெய்யியலாளர் வேறொரு சிக்கலை எழுப்பினார். அன்னா கரெனினா வாழ்ந்தவளல்லள் என நன்கறிந்தும் அவள் கதிக்கு நாம் வருந்துகிறோமே, இது பகுத்தறிவுக்கு ஒத்ததாகுமா என்பதே அவர் வினா.

முதலில் ரட்ஃபோடின் வினாவை நோக்குவோம். தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டெனக் கூறி, அவற்றுள் அழுகைக்கு இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை என நான்கு நிலைக்களன்களை வகுக்கின்றது. இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்று: அழுகைக்குக் காரணமாகச் சொல்லப்படுபவை மனிதர் எய்தும் நிலைகள், அந்நிலை எய்தியவர் இன்னார் என்பதன்று. மட்டக்களப்புத் தமிழகம் உலகுக்களித்த சுவாமி விபுலாநந்தர், 1926இல் வெளிவந்த ‘மதங்கசூளாமணி’யில் சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழர்க்கு அறிமுகஞ் செய்தபோது, நம் மெய்ப்பாட்டு மரபையும் துணைக்கொண்டார். வேற்று மொழியில், வேற்று நாட்டில், வேற்றுக் காலத்தில் படைக்கப்பட்ட மாந்தரும் அதே சுவைகளாலேயே நம்மை அசைக்கின்றனர். சம்புவரையர் மகள் மணிமேகலை புனைவாயிருக்கலாம். ஆனால் கைகூடாத அன்பும், அதனை வெளியிடாமலே தாங்கும் உள்ளமும் புனைவல்ல. கரடியனாற்றிலும் அவை உண்டு. ஆகவே அம்மாணவியின் கண்ணீர் இல்லாத ஒன்றுக்காக வடிக்கப்பட்டது எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது.

ரூசோவின் குற்றச்சாட்டு இவ்வளவு எளிதில் நீங்குவதில்லை. அதன் வலிமையைக் காட்டும் அண்மைக்காலச் சான்று ஒன்றுண்டு. சுசான் கொலின்ஸ் எழுதி 2008இல் வெளிவந்த ‘ஹங்கர் கேம்ஸ்’ நாவலிலே ரூ என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுமி வருகிறாள். கொடுங்கோல் அரசு நடத்தும் கொலை விளையாட்டில் அவள் இறக்கும் கட்டம் இலட்சக்கணக்கான இளையோரை அழவைத்தது. 2012இல் அது திரைப்படமானபோது அப்பாத்திரத்தில் கருநிறச் சிறுமி ஒருத்தி நடித்திருந்தாள். உடனே அந்நாவலின் அன்பர்கள் எனத் தம்மைச் சொல்லிக்கொண்டோர் சிலர், தாம் நேசித்த ரூ இவளல்லள் என வெறுப்போடு பொதுவெளியில் எழுதினர். நூலிலோ அவள் கரும்பழுப்பு மேனியள் என்றே தெளிவாகக் கூறப்பட்டிருந்தது. அப்படியாயின் அவர்கள் யாருக்காக அழுதனர்? ஆசிரியை படைத்த சிறுமியைத் தம் நிறத்துக்கு மாற்றி, தம் சாயலுக்கே அழுதிருந்தனர். கதைமாந்தர்மேற் கொள்ளும் அன்பு சிற்சில வேளைகளில் கண்ணாடி முன் நின்று தன்னைத் தானே பார்த்துக் கொள்ளும் அன்பாகச் சுருங்கிவிடுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனினும் அதே நாவல் இதற்கு மாறான சான்றையும் தருகின்றது. அக்கதையில் மக்கள் மூன்று விரல்களை உயர்த்தி மரியாதை செய்வர். 2014 மே மாதம் தாய்லாந்தில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது, எதிர்த்து நின்ற இளைஞர்கள் அச்சைகையைத் தம் அடையாளமாகக் கொண்டு அதன்பொருட்டுக் கைதாகினர். 2021இல் மியன்மாரிலும் இராணுவப் புரட்சியை எதிர்த்தோர் அதனையே உயர்த்தினர். ஒரே நூல் ஒரு சாராரின் உள்ளத்தைச் சுருக்கியது. மறுசாராரைச் சிறைவாயில்வரை நடத்தியது. ஆகவே நன்மையோ தீமையோ நூலுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றது எனக் கூற முடியாது. நூலை மூடிய பின்னர் வாசகன் எதனைச் செய்கிறான் என்பதிலேயே அது தங்கியுள்ளது.

கதைமாந்தர்க்கும் உயிருள்ள மனிதர்க்குமிடையேயுள்ள வேறுபாட்டை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். கதைமாந்தர் தம் உள்ளத்தைத் திறந்து காட்டுகின்றனர். அயலவரோ மூடியே வைத்திருக்கின்றனர். கதைமாந்தர் நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. அயலவர் தண்ணீர் கேட்கின்றனர், கடன் கேட்கின்றனர், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கின்றனர். கதைமாந்தரின் வாழ்வு இறுதிப் பக்கத்தோடு நிறைவெய்துகின்றது. அயலவரோடுள்ள உறவுக்கு அத்தகைய முடிவில்லை. எனவே கதைமாந்தரை நேசித்தல் எளிது. எளிதான அன்பு பொய்யான அன்பாகிவிடாது. நீந்தக் கற்பவன் முதலில் ஆழமற்ற நீரில் இறங்குகிறான்; அங்குக் கற்றது நீச்சல்தான். ஆனால் அங்கேயே நின்றுவிடுபவனை நீந்தத் தெரிந்தவன் என எவரும் சொல்லார்.

இதனைக் கரடியனாற்றின் அனுபவத்தோடு பொருத்திப் பார்க்கலாம். 2010 செப்ரெம்பர் 17ஆம் திகதி, அக்கிராமத்துப் பொலிஸ் நிலைய வளவில், வீதி அமைப்பு வேலைக்கெனக் கொள்கலன்களில் வைக்கப்பட்டிருந்த வெடிபொருள்கள் வெடித்தன. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் சீன நாட்டவர் இருவரும் அடங்குவர். அன்று குழந்தையாயிருந்த தலைமுறைக்கு இன்று அது ஒரு திகதியும் ஓர் எண்ணுமே. எண்ணுக்காக எவரும் விம்மி அழுவதில்லை. ஒருத்தியின் புனைவு மரணம் கண்ணீரை வரவழைக்க, இருபதுக்கும் மேற்பட்டோரின் மெய்யான மரணம் வறண்ட செய்தியாய் நிற்பது வாசகியின் இதயக் குறைபாடன்று. மணிமேகலைக்குக் கிடைத்த கதை அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதே காரணம்.

கதை வாசித்துப் பழகிய உள்ளத்தின் சிறப்புக் கடமை இங்கேதான் தொடங்குகின்றது. ஒரு பாத்திரம் அறிமுகமானதும் இவள் எதற்கு அஞ்சுகிறாள், எதனை மறைக்கிறாள், எதற்காகக் காத்திருக்கிறாள் என வினவ வாசகி பயின்றிருக்கிறாள். அதே வினாக்களை அந்த எண்ணுக்குள் இருப்பவரிடத்தும் அவள் செலுத்த முடியும். கடல் கடந்து வந்து, மொழியறியாத ஊரில் வீதி வேலை பார்த்து, அங்கேயே மாண்ட அவ்விருவரின் வீட்டில் அன்று மாலை யார் செய்திக்காகக் காத்திருந்தனர்? அன்று காலை கடமைக்குப் புறப்பட்டோர் வீட்டில் எதைச் சொல்லிவிட்டுப் புறப்பட்டனர்? இவ்வினாக்களுக்கு விடை கிடையாதிருக்கலாம். ஆயினும் வினவிய கணத்திலேயே எண் மனிதராகின்றது. புனைகதை தரும் பயிற்சியின் பயன் இது எனின் மிகையாகாது.

மட்டக்களப்பு மக்கள் இவ்வுண்மையை நூல்களிலிருந்து அறியவேண்டிய தேவை இருக்கவில்லை. இளங்கோவடிகளின் காப்பியத்திலே கண்ணகி திருமணத்தின்போது பன்னிரண்டு வயதினள். கோவலன் பதினாறு வயதினன். இளையோர் இருவரின் கதையாகவே அது தொடங்குகின்றது. செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் முதலான கிழக்கிலங்கைக் கிராமங்களில் அவள் கோயில் கொண்டிருக்கிறாள். வைகாசிச் சடங்கில் அவள் வழக்குரைத்த கதை பாடப்படுகின்றது. முன்னர் பரவலாக ஆடப்பட்டு இன்று அருகிவிட்ட கொம்புமுறி விளையாட்டிலே, ஊரார் கோவலன் சார்பில் வடசேரி எனவும் கண்ணகி சார்பில் தென்சேரி எனவும் பிரிந்து, பிணைத்த கொம்புகளை இழுத்து முறிப்பர். கதைமாந்தர்க்காகக் கட்சி கட்டும் ஆர்வம் இன்றைய இளைஞருக்கு மட்டுமே உரியதன்று என்பதற்கு இது போதிய சான்று.

ஆயின் அச்சடங்கு கட்சி கட்டுதலோடு முடிவதில்லை. அதன் நிறைவு குளிர்த்தி. மதுரையை எரித்த சினம் தணியாமல் வந்த கண்ணகியை ஊரார் ஒன்றுகூடிக் குளிர்விக்கின்றனர். அவளுடைய துயரக் கதையைக் கேட்டோர் அழுதுவிட்டுக் கலைந்து செல்லவில்லை. கேட்டதனாலேயே ஒரு கடமை தம்மேல் வந்து சேர்ந்ததாகக் கொண்டனர். வெப்பு நோயும் வறட்சியும் நீங்கி ஊர் முழுவதும் குளிரவேண்டும் என்பதே அவர்கள் வேண்டுதல். கதையில் வந்த ஒருத்தியின்மேற் கொண்ட பரிவு, அயல் வீட்டாரின் நலமாக விரிந்தது. ரூசோவுக்குத் தக்க விடை குளிர்த்தியிலே உண்டு.

இதற்கு ஒரு தடையும் கூறலாம். சடங்கு ஊர் கூடிச் செய்வது. நாவலோ தனியே படிக்கப்படுவது. தனித்த வாசகிக்குக் கடமையை நினைவூட்டப் பூசாரியுமில்லை, பறையுமில்லை. இத்தடை மெய்யே. அதனாலேயே இன்றைய வாசகரின் பொறுப்பு மிகுகின்றது. தன் குளிர்த்தியைத் தானே நடத்தவேண்டியவளாக அவள் இருக்கிறாள். மூத்தோர்க்கும் இதில் பங்குண்டு. புத்தகத்தைப் பறித்து வைத்தலால் அன்பு வளர்வதில்லை. யாருக்காக அழுதாய், ஏன் அழுதாய், அவளைப் போன்றவர் எவரையேனும் நீ அறிவாயா எனக் கேட்கும் ஆசிரியரும் பெற்றோரும் அதனினும் பெரும் பணி ஆற்றுவர்.

அம்மாணவி நூலை மூடுகிறாள். மூன்றாம் முறை கேட்ட குரலுக்கு எழுந்து செல்கிறாள். தண்ணீர்ச் செம்பைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பாமல் பாயின் ஓரத்தில் அமர்கிறாள். அம்மம்மாவுக்கும் ஒரு பதினாறு வயது இருந்தது. அவள் அஞ்சியதும் மறைத்ததும் காத்திருந்ததும் எந்த நூலிலும் எழுதப்படவில்லை. அதனை அறிய வேண்டுமாயின் பக்கம் புரட்டினால் முடியாது. கேட்க வேண்டும், கேட்டபின் பொறுமையோடு இருக்க வேண்டும். மணிமேகலைக்காக அழுத கண்ணீர் அவளை அப்பாயின் ஓரத்தில் அமர்த்துமாயின், அக்கண்ணீர் வீணாகவில்லை.