திரும்புதலும் திருப்புதலும்

சொற்கள் பொருளை உணர்த்துவன மட்டுமல்ல. சில வேளைகளில் அதனை மறைப்பனவும் ஆகும். ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் 'ரிட்டேர்ன்' என்னும் வினைச்சொல் இதற்குத் தக்க சான்றாகும். சென்றவர் மீண்டு வருதல், பெற்றதை மீளக் கொடுத்தல், ஒருவரை அவர் வந்த இடத்திற்கே அனுப்பிவிடுதல், வாக்காளர் தம் பிரதிநிதியைத் தெரிந்து அனுப்புதல் ஆகிய பொருள்களை அச்சொல் ஒருங்கே தாங்கி நிற்கின்றது. பெயர்ச்சொல்லாக நிற்கும்போது அது முதலீட்டின் இலாபத்தையும் குறிக்கும். அகராதியில் அடுத்தடுத்துக் கிடக்கும் இப்பொருள்கள் யாவும் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் ஒரே மக்கட் கூட்டத்தின் வாழ்வில் வந்து பொருந்தின. அவற்றுள் எப்பொருள் எவருக்கு வாய்த்தது என்பது மொழி பற்றிய வினா மட்டுமன்று. அறம் பற்றிய வினாவுமாகும்.

ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 1867இல் தேயிலையைப் பெருந்தோட்டப் பயிராக்கினார். அதன்பின் அத்தொழில் ஈட்டிய இலாபத்தின் பெரும்பகுதி கடல் கடந்து பங்குதாரர்களைச் சென்றடைந்தது. கொழுந்து பறித்தவர்களோ தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளரும் அவர்தம் வழித்தோன்றல்களுமாவர். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அம்மக்கள் இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த எழுவரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினர். நுவரெலியாவிலிருந்து எஸ். தொண்டமானும் தலவாக்கலையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளையும் அவ்வெழுவருள் அடங்குவர். மறு ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் அவர்தம் வாக்குரிமையும் பறிபோயிற்று. பிரதிநிதிகளை அனுப்பிய மக்கள் தாமே அனுப்பப்படும் நிலைக்கு ஆளாயினர்.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கில் எடுத்தது. அவருள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரையும் 1974ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. இந்தியா சென்றோருக்குத் தமிழில் 'தாயகம் திரும்பியோர்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. இப்பெயரே ஈண்டு ஆராய்தற்குரியது.

திரும்புதல் என்னும் செயல் முன்னொரு புறப்பாட்டை வேண்டி நிற்பது. புறப்படாத ஒருவர் திரும்புதல் இயலாது. மலைநாட்டு லயங்களிலே பிறந்து, இராமேசுவரத்தை அதற்குமுன் கண்டறியாத ஒருவர் அங்குச் சென்று இறங்குவது எவ்வாறு திரும்புதலாகும்? அவருடைய பாட்டனார் புறப்பட்டவர் என்று விடையிறுக்கலாம். அவ்வாறாயின் பாட்டனார் தொடங்கிய பயணத்தைப் பேரன் முடித்தல் வேண்டும் என்றாகிறது. சொத்தும் கடனும் வழிவழி வருதல் உண்மையே. பயணம் அவ்வாறு வருவதன்று.

தமிழிலக்கணம் இவ்விடத்து ஒரு நுட்பமான துணையை நல்குகின்றது. ஆங்கிலச் சொல் தானே மீளுவதையும் பிறரால் மீட்டு அனுப்பப்படுவதையும் ஒரே வடிவில் உணர்த்துகின்றது. தமிழோ 'திரும்பு' எனத் தன்வினையையும் 'திருப்பு' எனப் பிறவினையையும் வேறுபடுத்துகின்றது. மெல்லெழுத்து வல்லெழுத்தாகின்றது, அவ்வளவே வேறுபாடு. ஆயினும் செயலுக்குப் பொறுப்பாளர் எவர் என்பதை அவ்வோரெழுத்தே காட்டிவிடுகின்றது. 'தாயகம் திரும்பியோர்' என்னும் பெயர் மெல்லெழுத்தைத் தேர்ந்துகொண்டு, திருப்பியவரைக் கண்ணுக்குப் புலனாகாதவாறு செய்துவிடுகின்றது.

சென்றோர் தாமே விண்ணப்பித்தனர். ஆதலின் அது தன்வினையே என்று வாதிடுவாரும் உளர். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. சொந்த ஊரோடு உறவைப் பேணி, அங்குச் செல்வதை மனமார விரும்பிய குடும்பங்களும் இருந்தன. அவர்களைப் பொறுத்தவரை அது மெய்யான மீட்சியே. ஆனால் ஏனையோரின் விருப்பம் எத்தன்மையது? புயலில் அகப்பட்ட கப்பலைக் காக்கப் பண்டங்களைக் கடலில் எறிபவனின் செயலை அரிஸ்டோட்டில் கலப்புச் செயல் என்பார். அந்நேரத்தில் அவனே அதனைத் தெரிந்து செய்கின்றான். எனினும் புயலின்றி எவரும் அதனைத் தெரியார். குடியுரிமையும் வாக்கும் இழந்தவர் எழுதிய விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து இருக்கலாம். புயலை எழுப்பியவர் அவரல்லர். மேலும், ஏழுக்கு நான்கு என்னும் விகிதம் முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. மனிதர் தத்தம் விருப்பைச் சொல்லுமுன் எண்கள் பேசிவிட்டன.

அட்டன் முதலிய நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கி அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டியை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று வழங்கினர். அரசாங்க ஏடு 'திரும்புதல்' என்றெழுதிய இடத்தில் மக்கள் வழக்கு இழவைக் கண்டது. அக்கரையில் அவருட் சிலருக்கு நீலகிரியில், இப்பணிக்கென 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில், மீண்டும் கொழுந்து பறிக்கும் வேலை கிடைத்தது. இங்கே இந்தியத் தமிழர் எனப்பட்டவர் அங்கே சிலோன்காரர் எனப்பட்டனர். தாயகம் திரும்பியவரைத் தாயகமே அயலூரார் பெயரால் அழைத்ததெனின், அப்பெயரின் பொய்ம்மைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அச்சொல்லின் இன்னொரு பொருள் எஞ்சி நிற்கின்றது. அதுவே பெற்றதை மீளக் கொடுத்தல். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் குடியுரிமை வழங்கியது. அது கொடையன்று; எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தலே. இங்கும் வல்லெழுத்தே வருகின்றது. மனிதரைத் திருப்பியபோது அநீதியைச் சுட்டிய அவ்வெழுத்து, உரிமையைத் திருப்பும்போது நீதியைச் சுட்டுகின்றது. எனினும் தோட்டங்களில் வாழும் பல குடும்பங்களுக்குத் தாம் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் காணிக்கு இன்றும் உறுதிப் பத்திரம் இல்லை. அம்மக்களைப் பொறுத்தவரை 'ரிட்டேர்ன்' என்னும் வினை முற்றுப்பெறாத எச்சவினையாகவே நிற்கின்றது. அதனை முற்றுவினையாக்குதல் இலக்கணத்தாரின் கடனன்று; சமுதாயத்தின் கடனாகும்.