தோள் மாற்றும் தர்மம்

வைகாசிப் பிரம்மோத்ஸவத்தின் மூன்றாம் நாள் காலையில், பேரருளாளன் கருடன்மீது எழுந்தருளும் திருக்கோலத்தைச் சேவிக்கும் நாம், தண்டின்கீழ்த் தோள்கொடுக்கும் ஸ்ரீபாதம்தாங்கிகளையும் சற்றே நோக்குதல் நலம். நெடிய வீதிகளெங்கும் ஒருவரே சுமப்பதில்லை. ஒருவர் விலக, மற்றொருவர் தோள் புகும். வாகனமோ தரை தொடுவதில்லை. விலகியவரைப் 'பெருமாளைக் கைவிட்டவர்' என்று எவரேனும் கூறுவரோ?

ஆயின் இல்லங்களில் நாம் வேறு நியாயம் பேசுகிறோம். வாதத்தாலோ மறதிநோயாலோ படுக்கையில் கிடக்கும் முதியவரை ஆண்டுக்கணக்கில் பேணும் மருமகள், நான்கு நாள் இளைப்பாறுவதற்காக ஊதியம் கொடுத்து ஒருவரை அமர்த்தினால், 'மாமியாரைக் கூலிக்கு விட்டாள்' என்று தூற்றுகிறோம். இது தர்மமாகுமா?

காஞ்சியின் நெசவாளர் இல்லத்தை எண்ணிப் பாருங்கள். கோர்வைச் சேலை நெய்ய இருவர் வேண்டும். தறியில் அமர்ந்தவரோடு துணையாளும் கரைநாடாவை எறிந்தாலன்றி உடலும் கரையும் இணையா. அத்துணை பெரும்பாலும் வீட்டாரே. அவர் நோயாளியின் அருகில் அமர்ந்தால் தறி நிற்கும். நின்ற தறிக்குக் கூலியில்லை. வறுமை ஒருபுறம், உறக்கமின்மை மறுபுறம். களைத்த உடலில் பொறுமை தங்காது, கடுஞ்சொல் பிறக்கும். அச்சொல் விழுவது நோயாளியின் மீதன்றோ? ஆகவே பேணுபவரின் ஓய்வு, பேணப்படுபவரின் நலமேயாகும்.

'காசுக்கு வருபவரிடம் அன்பு இருக்குமா?' என்பர் சிலர். திருக்கோயிலில் தொண்டு புரிவோர் சம்பாவனை பெறுகின்றனர். அதனால் அவர்தம் பக்தி குறைந்துவிடுவதில்லை. ஊதியம் அன்பை விலைக்கு வாங்குவதன்று. உழைப்பவருக்கும் குடும்பம் உண்டென்பதை மதிப்பதாகும். அதைக் குறைத்துக் கொடுத்து நாம் பெறும் ஓய்வு, பிறர்மீது ஏற்றிய சுமையே.

இங்கு ஓர் எல்லையும் உண்டு. தோள் மாற்றியவர் வாகனத்துடனே நடந்து மீண்டும் தோள் கொடுக்கிறார். அவ்வாறு மீளுதலே ஓய்வு, மீளாமை கைவிடுதல். முதியவரிடம் முன்னரே சொல்லி, வருபவரைப் பழக்கி, அவர் மனம் இசைந்தபின் செல்லுதலே முறை.

செலவை யார் ஏற்பது? ஜெர்மனியில் 1995-இல் தொடங்கிய பராமரிப்புக் காப்பீட்டில், பேணுவோர் ஓய்வெடுக்கும் நாட்களில் மாற்றாளுக்கான செலவுக்கும் வழியுண்டு. நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அறக்கட்டளை, 'சமர்த்' என்னும் பெயரில் இத்தகைய இளைப்பாறுதலுக்குத் திட்டம் வகுத்தது. ஆனால் அச்சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றை உடையோருக்கே உரியது. முதுமையில் வீழ்ந்த நெசவாளர் அதனுள் அடங்கார்.

எனவே அன்பர்கள் ஒன்று சிந்திக்கலாம். திருமாலைக்கும் தளிகைக்கும் உபயம் செய்யும் கைகள், தம் தெருவில் துயிலிழந்த ஓர் இல்லத்தின் சில நாள் மாற்றாளுக்கும் உபயம் செய்தால், அதுவும் கைங்கர்யமே. கொடுக்க இயலாதோர் ஒரு பிற்பகல் நோயாளியின் அருகில் அமரலாம். அதற்கும் இயலாதோர் தூற்றாதிருக்கலாம்.

சுமப்பவர் மாறினும் சுமை தரை தொடாதிருப்பதே தர்மம். அதற்குத் தோள் கொடுக்கும் மனத்தை அத்திகிரி வரதன் நமக்கு அருள்வானாக!