மஞ்சள் கடுதாசி மானக்கேடல்ல!

தம்பி, நடுக்கடலில் படகுக்குள் தண்ணீர் ஏறினால் என்ன செய்வாய்? வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டா இருப்பாய்? வாளியால் இறைப்பாய். பக்கத்துப் படகைக் கூவி அழைப்பாய். ஜெகதாப்பட்டினத்தில் பிறந்த உனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு கடன் ஏறும்போது மட்டும் ஏன் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாய்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன்பிடிக்குத்தான் தடை, வட்டிக்கு இல்லை! இலங்கைக் கடற்படையிடம் சிக்கினால், ஆள் திரும்பினாலும் பல நேரம் படகு திரும்புவதில்லை. 2018இல் கஜா புயல் அடித்ததும் உன்னைக் கேட்டா அடித்தது? நொடித்துப்போனது உன் தொழில். நீ நொடியவில்லை!

"மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டான்" என்று நாலு பேர் ஏசுவார்களா? ஏசட்டும்! மஞ்சள் கடுதாசி என்பது ஐ.பி., அதாவது திவால் மனு. அதைக் கொடுப்பது ஏமாற்று வேலையல்ல. 1920ஆம் ஆண்டு மாகாண திவால் சட்டம் தந்த உரிமை. இருக்கும் சொத்தையும் இருக்கும் கடனையும் ஒன்றுவிடாமல் எழுதி நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். ஒளித்தால் அந்தச் சட்டமே தண்டிக்கும். உள்ளபடி சொன்னால் அதுவே காக்கும். திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்தபின், கடன் கொடுத்தவர் அதன் அனுமதியின்றிப் புதிதாக வழக்குப் போட முடியாது. சமையல் பாத்திரம், பாய் படுக்கை, உடுதுணி, கழுத்துத் தாலி எதையும் ஜப்தி செய்ய முடியாது. வசதியிருந்தும் ஏய்ப்பவன் வேறு, இல்லாமல் தவிப்பவன் வேறு; இல்லாமையே குற்றமாகி ஏழையைச் சிறைக்கு அனுப்பக் கூடாதென்று நீதிபதி கிருஷ்ணய்யர் 1980இலேயே உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பெழுதிவிட்டார்.

வக்கீல் பீஸுக்குக் காசில்லையா? 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இருக்கிறது. கூடை சுமந்து மீன் விற்கும் அக்கா, நீங்கள் பெண் என்பதே போதும். வருமானக் கணக்கே கேட்காமல் உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், புயல் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் அப்படியே. வருமானம் குறைந்த மற்றவர்களுக்கும் உண்டு. 15100 என்ற எண்ணைச் சுழற்றுங்கள்! இது பிச்சையல்ல, அரசியல் சட்டம் 39ஏ பிரிவில் எழுதிவைத்த கடமை.

ஐ.பி. வரை போகாமலே லோக் அதாலத்தில் பேசி முடிக்கவும் வழியுண்டு. கந்துவட்டிக்காரன் வாசலில் நின்று மிரட்டினால், 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி அவனுக்கு 3 ஆண்டு வரை சிறை. தலைகுனிய வேண்டியவன் அவன், நீயல்ல!

எழுந்திரு! பாஸ்புக், கடன் பத்திரம், வந்த நோட்டீஸ் எல்லாவற்றையும் ஒரு பையில் போடு. புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேள். "என்னால் கட்ட முடியவில்லை, வழி சொல்லுங்கள்" என்று நிமிர்ந்து நின்று சொல். திரும்பி வந்ததும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டு. அங்கேயும் ஒரு படகு மூழ்கிக்கொண்டிருக்கலாம்.