மாயாவியின் மானம்

கற்பனை மனிதனுக்கு மானம் உண்டா? கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். உயிரோடு இருப்பவனை இழித்துப் பேசினால் அவன் வழக்குத் தொடுப்பான். இறந்தவனை இழித்துப் பேசினால் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். எழுத்தாளன் ஒருவன் தன் மேஜையில் உட்கார்ந்து, மசியையும் காகிதத்தையும் கொண்டு செய்த ஒரு மனிதனை, ஐம்பது ஆண்டுகள் கழித்து வேறோர் எழுத்தாளன் எடுத்து வேறு விதமாக நடக்க வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? நியாயமாகப் பார்த்தால் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் நடைமுறையில் பார்த்தால் அண்ணன் தம்பிகள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். பழைய சிநேகிதர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நஷ்டம் ஒன்றுமில்லை என்றால் இவ்வளவு கோபம் எங்கிருந்து வருகிறது?

இரும்புக்கை மாயாவியைத் தெரியாதவர்கள் இந்தத் தலைமுறையில் இருக்கலாம். நாற்பதைக் கடந்த தமிழர்களில் பலருக்கு அவனைத் தெரியும். 1970களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியபோது முதல் புத்தகமே அவனுடையதுதான். ஒரு கை இரும்பு. அந்தக் கையில் மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். 1984-ல் லயன் காமிக்ஸ் தொடங்கிய பிறகு, ஸ்பைடர், இயந்திர மனிதன் ஆர்ச்சி என்று அவனுடைய ஊர்க்காரர்கள் இன்னும் சிலர் வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் இங்கிலாந்தின் வாரப் பத்திரிகைகளில் பிறந்தவர்கள். அங்கே அவர்கள் மறக்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் இங்கே பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கிக்கொண்டு வாழ்ந்தார்கள்.

2005-ஆம் ஆண்டில் இவர்களை வைத்து 'ஆல்பியன்' என்றொரு புதிய சித்திரக் கதை ஆறு பகுதிகளாக வெளிவரத் தொடங்கியது. கதையின் திட்டம் ஆலன் மூருடையது. அவருடைய மகள் லியா மூரும் மருமகன் ஜான் ரெப்பியனும் எழுதினார்கள். இந்தப் பழைய நாயகர்கள் உண்மையிலேயே இருந்தார்கள், அவர்களுடைய சக்தியைக் கண்டு பயந்த அரசாங்கம் அவர்களைப் பிடித்து ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டையில் அடைத்து வைத்துவிட்டது என்பது கதை. பல பழைய நாயகர்களோடு மாயாவியும் ஸ்பைடரும் ஆர்ச்சியும் அதில் வருகிறார்கள். யாரும் பழைய மிடுக்கோடு இல்லை. மூப்பு, கசப்பு, மறதி, துரு எல்லாம் ஏறியிருக்கிறது.

இதைப் பற்றிய ஒரு சண்டையைத் திருவண்ணாமலையில், ஒரு பௌர்ணமி இரவு, கிரிவலப் பாதையில் நான் முழுதாகக் கேட்டேன். பதினான்கு கிலோமீட்டர் நடை. எனக்குத் தெரிந்த மாமாவும் மருமகனும். மாமா அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். மருமகன் அக்காள் பிள்ளை. அந்த ஆங்கிலப் புத்தகத்தைக் கைபேசியில் படிப்பவன். இந்திர லிங்கத்தருகே அவன் விளையாட்டாகக் கதையைச் சொல்லப் போக, நிருதி லிங்கம் தாண்டியும் தீர்ந்தபாடில்லை.

"நம்ம ஆளுங்களை எல்லாம் ஜெயில்ல போட்டுட்டானா? யாரைக் கேட்டுடா போட்டான்?" என்றார் மாமா.

"மாமா, அது கதை. எழுதறவர் இஷ்டம்."

"கதைதான். யாரு இல்லேன்னது? நான் ஆறாங் கிளாஸ் படிக்கறப்ப எங்கப்பா செத்துப் போனாரு. வீட்ல ராத்திரி லைட்டை அணைச்சா பயம். மாயாவி பக்கத்துல நிக்கறான், கண்ணுக்குத் தெரியலே, அவ்வளவுதான்னு நெனச்சுக்கிட்டுத் தூங்குவேன். அவனைக் கெழவனாக்கி உள்ளே தள்ள இவன் யாரு?"

மருமகன் சிறிது தூரம் பேசாமல் நடந்தான். பிறகு, "உங்க மாயாவி உங்ககிட்டதானே மாமா இருக்கான்? அவனை யாரும் எடுத்துக்கிட்டுப் போகலையே" என்றான்.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. மாமாவின் கோபத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. தகப்பனில்லாத ஒரு பையனுக்கு இருட்டில் துணை நின்றவன் கற்பனை மனிதன் என்பதாலேயே அந்தத் துணை பொய்யாகிவிடுமா? அந்தப் பையன் அன்று தூங்கினான் என்பது உண்மை. அந்த உண்மைக்கு ஒரு நன்றி இருக்கிறது. நன்றியுள்ளவனுக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் நன்றி என்பது வேறு. பாத்தியதை என்பது வேறு. மாமா காக்க விரும்பும் அந்தப் 'பழைய மாயாவி' யார் என்று சற்று விசாரித்துப் பார்க்கலாம். 1962-ல் 'வேலியண்ட்' என்ற பத்திரிகையில் அவன் முதன்முதலாகத் தோன்றினான். பெயர் லூயிஸ் கிராண்டேல். ஒரு விஞ்ஞானியின் உதவியாளன். விபத்தில் மறைந்துபோகும் சக்தி வந்ததும் அவன் முதலில் செய்தது தர்மம் அல்ல, திருட்டு. சக்தி தலைக்கேறி, ஊரையே அழிப்பேன் என்று மிரட்டும் அளவுக்குப் போனான். பிறகுதான் திருந்தி, நிழற்படையில் சேர்ந்து ஒற்றனானான். அதற்கும் பிறகு ஒரு காலத்தில் அவனுக்கு விசேஷ உடை மாட்டி முழு அதிசய வீரனாக்கினார்கள். ஸ்பைடரின் கதையும் இதேதான். 1965-ல் குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாக வேண்டும் என்ற ஆசையோடு வந்தவன் அவன்; பின்னால்தான் குற்றவாளிகளைப் பிடிக்கத் தொடங்கினான். ஆக, ஐந்தாறு ஆண்டுகளுக்குள் மாயாவியை அவனைப் படைத்தவர்களே மூன்று முறை மாற்றிவிட்டார்கள். மாமாவின் இருட்டில் நின்றவன் இந்த மூவரில் ஒருவன். தமிழில் எந்தப் புத்தகம் அவர் கைக்கு முதலில் கிடைத்தது என்பதைப் பொறுத்த விஷயம் அது.

நமக்கு இது புதிதும் அல்ல. அகலிகை கல்லானாள் என்பது நம் பாட்டிமார் சொன்ன கதை. வால்மீகியில் அவள் கல்லாவதில்லை. யார் கண்ணுக்கும் படாமல், காற்றை உண்டு, சாம்பலில் கிடக்கும்படி சாபம் பெறுகிறாள். கல்லாகக் கிடந்தவள் கம்பருடைய அகலிகை. வால்மீகியின் ராவணன் சீதையைத் தூக்கிக்கொண்டு போகிறான். கம்பருடைய ராவணன் அவளைத் தீண்டாமல் பர்ணசாலை நின்ற நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போகிறான். இரணியன் வதையை வால்மீகி பாடவே இல்லை. கம்பர் ஒரு படலமே பாடினார். ஸ்ரீரங்கத்தில் அரங்கேற்றத்தின்போது பண்டிதர்கள் அதை ஆட்சேபித்தார்கள் என்றும், மேட்டு அழகிய சிங்கர் சன்னதியிலிருந்து நரசிம்மரே சம்மதம் தெரிவித்தார் என்றும் கர்ண பரம்பரை. கதையை நம்புகிறோமோ இல்லையோ, அது ஒன்றைச் சொல்கிறது. 'மூலத்தில் இல்லையே' என்ற சண்டை இந்த நாட்டில் அன்றே இருந்திருக்கிறது.

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. இது தெருக்கூத்து நாடு. திரௌபதி அம்மன் கோயில்களில் இரவெல்லாம் பாரதம் நடக்கும் மண். 'கர்ண மோட்சம்' ஆடும்போது பாருங்கள். போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவியிடம் விடைபெற வருகிறான். அவள் பெயர் பொன்னுருவி. அவனுடைய பிறப்பைச் சொல்லி இகழ்பவள். வியாச பாரதத்தில் இந்தப் பொன்னுருவி இல்லை. பல ஆயிரம் பேருக்குக் கொடுத்துச் சிவந்த கை, வீட்டுக்குள்ளே மட்டும் ஒரு மரியாதையும் சம்பாதிக்கவில்லை என்று யாரோ ஒரு துணிச்சல்காரன் சேர்த்துவிட்டான். அதைச் சேர்த்த முதல் இரவில் ஒரு கிழவராவது எழுந்து, 'எங்கள் கர்ணனை இப்படிச் செய்யலாமா?' என்று கத்தியிருக்க மாட்டாரா? இன்று அந்தக் காட்சி இல்லாவிட்டால் கத்துவார்கள். நேற்றைய துணிச்சல்தான் இன்றைய சம்பிரதாயம்.

அப்படியானால் யாரும் எதையும் செய்யலாமா? இங்கேதான் நான் மருமகனோடும் முழுக்க ஒத்துப்போக மாட்டேன். 'எழுதுகிறவர் இஷ்டம்' என்பது சட்டத்துக்குப் போதுமான பதில், தர்மத்துக்குப் போதாது. பிறர் நன்றியோடு போற்றிய ஒன்றைக் கையில் எடுப்பவனுக்கு ஒரு கடன் ஏற்படுகிறது. அதை அவன் தீர்த்தானா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். அவன் கேட்கும் கேள்வி கதைக்குள்ளிருந்து வருகிறதா, வெளியிலிருந்து எறியப்படுகிறதா?

புதுமைப்பித்தன் 1943-ல் 'சாபவிமோசனம்' எழுதினார். ராமாயணம் தெரிந்தவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம் என்று அவரே எச்சரித்துவிட்டுத்தான் தொடங்கினார். ராமன் காலடி பட்டு உயிர் பெற்ற அகலிகை, அதே ராமன் சீதையைத் தீக்குளிக்க வைத்தான் என்று சீதை வாயாலேயே கேட்கிறாள். கேட்டபின் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். பலருக்குக் கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அகலிகையை மன்னித்தவன் சீதையை ஏன் சோதித்தான் என்ற கேள்வி புதுமைப்பித்தனுடைய சொந்தச் சரக்கா? அது ராமாயணத்துக்குள்ளேயே காலங்காலமாகக் கிடந்த கேள்வி. அந்த மன்னிப்பைப் பெரிதாக மதித்தவன்தான் அப்படிக் கேட்க முடியும். பொன்னுருவியும் அப்படியே. கர்ணனுடைய கொடையை மதித்தவன்தான் அந்தக் கொடை அவன் வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்பான். இது பக்தியின் மற்றொரு முகம். சந்தையில் சேறு நல்ல விலைக்குப் போகிறது என்பதற்காக ஒரு நாயகன் மேல் சேற்றை வாரிப் பூசுகிறவனும் உண்டு. அவன் கேள்வி எதுவும் கேட்கவில்லை, கைதட்டல்தான் கேட்கிறான். இருவரையும் ஒரே தராசில் வைத்து 'மாற்றிவிட்டான்' என்று கூச்சல் போடுவது முறையல்ல.

இந்தச் சோதனையை நடத்த வேண்டுமானால் வாசகனுக்கும் ஒரு கடமை உண்டு. படித்துவிட்டுப் பேச வேண்டும். அடி அண்ணாமலை வரும்போது நான் இருவரையும் கேட்டேன். மாமா அந்தப் புத்தகத்தைக் கண்ணாலும் பார்க்கவில்லை. மருமகன் முதல் இரண்டு பகுதிகள் படித்திருக்கிறான். இவ்வளவு நேரம் நடந்த வாதம் இதன் மேல்தான்!

நாங்கள் வலம் வந்துகொண்டிருந்த மலையின் கதையே எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. யார் பெரியவர் என்று பிரமனுக்கும் திருமாலுக்கும் சண்டை. நடுவில் அடிமுடி தெரியாத ஜோதி நின்றது. திருமால் பன்றியாகி அடியைத் தேடிப் போனார். காணாமல் திரும்பி வந்து, 'காணவில்லை' என்றார். அவருக்கு அதனால் ஒரு குறைவும் வரவில்லை. பிரமன் அன்னமாகிப் பறந்தார். வழியில் விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சாட்சி வைத்துக்கொண்டு, 'முடியைக் கண்டேன்' என்றார். தண்டனை பெற்றவர்கள் அவரும் அந்தப் பூவும்தான். காணாதது குற்றமாகவில்லை, கண்டதாகச் சொன்னது குற்றமாயிற்று. தாழம்பூ சிவபூஜைக்கு ஆகாமல் போனது அதனால்தான் என்கிறார்கள். இலக்கியச் சண்டைகளில் எத்தனை தாழம்பூக்கள்! யாரோ சொன்னதை வைத்துக்கொண்டு முடியைக் கண்டவர்போல் பேசுகிறோம். 'நான் இன்னும் படிக்கவில்லை' என்று சொல்வதற்கு ஏன் இவ்வளவு கூச்சம்?

ஆகவே முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மாயாவிக்கு மானம் உண்டா? எனக்குத் தோன்றுகிற வரையில், அவனுக்கு அந்தக் கவலை இல்லை. மூன்று முறை மாறியும் பிழைத்தவன். மொழி மாறி, நாடு மாறி, சிவகாசித் தாளில் மறுபிறவி எடுத்தவன். போகவிருக்கும் மானம் நம்முடையதுதான். படிக்காமல் சாட்சி சொல்வதால் போகும். கைதட்டலுக்காக எழுதுவதாலும் போகும்.

ஆல்பியனில் ஒரு விஷயம் மாமாவுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். சிறைப்பட்ட அந்த நாயகர்கள் எங்கே போனார்கள் என்று தேடிக்கொண்டு புறப்படுகிறவன் ஓர் இளைஞன். அவன் வேறு யாருமில்லை. பழைய சித்திரக் கதைகளைச் சேகரித்து வைத்துக்கொண்டு, அவற்றை விட முடியாமல் அலைகிற ஒரு ரசிகன். அவர்களைக் கோட்டையில் வைத்தது கதை எழுதியவனா? கதையில் வரும் அரசாங்கம் வைத்தது, இவர்கள் மாறிவிடக்கூடாது, வெளியே உலவக்கூடாது என்ற பயத்தினால். தன் மாயாவியை ஆறாம் வகுப்பிலேயே நிறுத்திப் பூட்டி வைத்திருக்கும் மாமாவின் அன்பும் ஒரு கோட்டைதான். அவர் ஒரு முறை அந்தப் புத்தகத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். படித்த பிறகும் கோபம் வந்தால் அது மதிக்கத்தக்க கோபம். அப்போது நானே அவர் பக்கம் நின்று வாதாடத் தயார்.