மிச்சம் யாருக்கு?

தீபாவளி முடிந்த நான்காம் நாள் காலை. பெங்களூருவில் ஜெயநகரிலோ மல்லேசுவரத்திலோ உள்ள ஒரு நடுத்தரக் குடும்பத்தின் சமையலறையை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். மகன் பணிபுரியும் மென்பொருள் நிறுவனம் தந்த சாக்லேட் பெட்டி ஒன்று. மருமகளின் அலுவலகத்திலிருந்து வந்தது மற்றொன்று. உறவினர் கொண்டுவந்த மைசூர்பாகு. அடுத்த வீட்டார் அனுப்பிய லட்டு. பாதி தீர்ந்த பால்பேடா. பண்டிகை போய்விட்டது, இனிப்பு போகவில்லை.

குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும் ஒவ்வொருவரும் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொள்கிறார்கள். பசியினால் அல்ல, அது அங்கே இருப்பதனால். நீரிழிவு உள்ள தாத்தா, "வீணாகப் போகிறதே" என்று உடைந்த லட்டை எடுத்துக்கொள்கிறார். ரேஷன் கடையில் சர்க்கரைக்காக வரிசையில் நின்ற காலம் அவர் நினைவில் இருக்கிறது. உணவை எறிய அவருக்குக் கை வராது. மணம் மாறத் தொடங்கிய பேடாக்களை ஒரு பழைய டப்பாவில் போட்டு, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் கொடுத்துவிடலாம் என்று பாட்டி முடிவு செய்கிறார்.

இந்தச் சிறிய காட்சியில் மூன்று நல்லெண்ணங்கள் உள்ளன. கிடைத்ததை மகிழ்ச்சியுடன் அனுபவிக்க வேண்டும்; உணவை வீணாக்கக் கூடாது; இல்லாதவருக்குக் கொடுக்க வேண்டும். மூன்றும் நல்லவையே. ஆயினும் விளைந்தது என்ன? ஒருவர் நோயை வளர்த்துக்கொள்கிறார். மற்றவர்கள் பசியில்லாமல் உண்கிறார்கள். ஏழைப் பெண்ணுக்குக் கெடப்போகும் பண்டம் போய்ச் சேருகிறது. நல்லெண்ணம் எந்த இடத்தில் வழி தவறியது?

வீண் என்பது எது?

உணவை இகழக் கூடாது, உணவை ஒதுக்கித் தள்ளக் கூடாது என்று தைத்திரீய உபநிஷதம் விரதமாகவே விதிக்கிறது. தாத்தாவின் மனத்தில் இருப்பது இந்த மரபுதான். ஆனால் அதே உபநிஷதம் மற்றோர் உண்மையையும் கூறுகிறது: உணவு உயிர்களால் உண்ணப்படுகிறது, அதுவே உயிர்களை உண்ணவும் செய்கிறது. அளவறிந்து உண்பவனுக்கு அன்னம் உடலாகிறது. அளவு தவறியவனை அன்னமே தின்னத் தொடங்குகிறது.

நீரிழிவு நோயாளிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் இந்தக் கூற்று வெறும் உருவகமாகத் தோன்றாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. சேர்க்கப்படும் சர்க்கரை நாள் ஒன்றுக்கு 25 கிராமுக்குள், அதாவது சுமார் ஆறு தேக்கரண்டிக்குள் இருப்பது நலம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரம். இரண்டு லட்டும் ஒரு துண்டு மைசூர்பாகும் உண்பவர் அந்த எல்லையை எளிதில் கடந்துவிடுகிறார்.

பசியற்ற வயிற்றில் போடப்படும் இனிப்பு காப்பாற்றப்பட்ட இனிப்பு அல்ல. குப்பைத் தொட்டியில் விழுந்தால் பண்டம் மட்டுமே வீண். வேண்டாத வயிற்றில் விழுந்தால் பண்டத்தோடு உடலும் வீண். உணவின்மீது உள்ள மரியாதை, உண்ணும் கருவியாகிய உடலின்மீதும் இருக்க வேண்டும் அல்லவா? உண்மையில், வீணாக்கும் செயல் நான்காம் நாள் நடப்பதில்லை. தேவைக்கு மேல் வாங்கியபோதும், வந்ததை எல்லாம் தமக்கென்று அடுக்கி வைத்தபோதுமே அது நடந்துவிட்டது. குப்பைத் தொட்டியின் முன் எழும் குற்ற உணர்வு காலம் கடந்து வரும் விருந்தாளி.

இரண்டு வகை மிச்சம்

பாட்டியின் முடிவைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். அவர் கொடுக்கத்தான் செய்கிறார். ஆனால் கொடுப்பதெல்லாம் தானம் ஆகிவிடுமா? பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் உணவையும் தானத்தையும் ஒருங்கே வைத்து ஆராய்கிறது. நாள்பட்டதும், சுவை இழந்ததும், பிறர் உண்டு எஞ்சியதும் தாமஸ உணவு. மதிப்பின்றியும் அலட்சியமாகவும் கொடுப்பது தாமஸ தானம். வீட்டார் தொடத் தயங்கும் பேடா வேலைக்கார அம்மாளின் குழந்தைக்கு மட்டும் எப்படி நல்லதாகும்? அந்த டப்பாவை வாங்கிக்கொள்ளும் பெண்ணுக்கு, தனக்கு வந்தது பண்டிகையின் பங்கு அல்ல, பண்டிகையின் கழிவு என்பது தெரியும். அவர் எதுவும் சொல்வதில்லை. சொல்லாததனால் அவருக்கு வலிக்கவில்லை என்று ஆகிவிடாது.

இங்கேதான் மிச்சம் என்ற சொல்லின் ஆழம் புலப்படுகிறது. வேள்வியில் எஞ்சியதை உண்பவர்கள் பாவங்களிலிருந்து விடுபடுகிறார்கள், தமக்காக மட்டும் சமைப்பவர்கள் பாவத்தையே உண்கிறார்கள் என்பது கீதையின் மூன்றாம் அத்தியாயம் காட்டும் நெறி. திருவள்ளுவரும் விருந்தோம்பல் அதிகாரத்தில், விருந்தினரை முதலில் உண்பித்து எஞ்சியதைத் தான் உண்பவனின் சிறப்பைப் பாடுகிறார். வடமொழி நூலும் தமிழ் மறையும் மிச்சத்தை இழிவாகக் கருதவில்லை. அதை உயர்ந்த உணவாகவே போற்றுகின்றன. ஆனால் அந்த மிச்சம், பிறருக்கு அளித்தபின் தனக்கு எஞ்சுவது. இன்றைய வீடுகளில் இருப்பதோ, தான் உண்டு சலித்தபின் பிறருக்கு எஞ்சுவது. பொருள் ஒன்றுதான், வரிசை தலைகீழாகிவிட்டது. முதல் மிச்சம் பிரசாதம். இரண்டாம் மிச்சம் பாரம்.

எள்ளும் வெல்லமும்

வரிசையைச் சரியாக வைத்த பண்டிகைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் பெங்களூருவாசிகள் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. தை முதல் நாளில் வரும் சங்கராந்தியன்று கன்னடக் குடும்பங்களில் எள், வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை ஆகியவற்றைக் கலந்து 'எள்ளு பெல்ல' தயாரிக்கிறார்கள். கொப்பரையையும் வெல்லத்தையும் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி உலர்த்தும் வேலை பல நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பண்டிகையன்று பெண்களும் சிறுமியரும் அதைத் தட்டில் ஏந்தி, கரும்புத் துண்டும் சர்க்கரை அச்சும் உடன் வைத்து, வீடு வீடாகச் சென்று வழங்குகிறார்கள். எள்ளையும் வெல்லத்தையும் உண்டு இனிமையாகப் பேச வேண்டும் என்பது அதனுடன் வரும் வாழ்த்து.

இந்தப் பண்டம் செய்யப்படும்போதே பிறருக்கென்று செய்யப்படுகிறது. ஒருவருக்குக் கிடைப்பது ஒரு கைப்பிடி அளவு. வீட்டுக்காரர் உண்பதும் பெரும்பாலும் மற்றவர் வீட்டு எள்ளையே. கொடுப்பது முதலிலும் உண்பது பின்னரும் அமைவதால், அளவு மீறும் வாய்ப்பு குறைகிறது. புலனடக்கம் என்று யாரும் உபதேசிக்காமலேயே புலனடக்கம் பழக்கமாகிவிடுகிறது.

நாவை வெல்லும் வழி

மற்றப் புலன்களை எல்லாம் வென்றவனும் நாவை வெல்லாதவரை புலன்களை வென்றவன் ஆகமாட்டான் என்று ஸ்ரீமத் பாகவதத்தில் அவதூதர் கூறுகிறார். அப்படியானால் இனிப்பையே தொடக் கூடாதா? அப்படி இல்லை. ஹடயோகப் பிரதீபிகை மிதாஹாரத்தை விளக்கும்போது இனிய உணவை விலக்கவில்லை. வயிற்றில் நான்கில் ஒரு பங்கைக் காலியாக விட்டு, இறைவனின் மகிழ்ச்சிக்காக உண்ணச் சொல்கிறது. விலக்கப்படுவது இனிப்பு அல்ல, நினைவின்றி உண்பதே.

இதில் சாக்லேட் ஒரு தனிச் சோதனை. பாலில் செய்த இனிப்பு இரண்டு மூன்று நாட்களில் கெட்டுவிடும். ஆகவே அது உடனே ஒரு முடிவைக் கேட்கிறது. ஈரம் மிகக் குறைந்த சாக்லேட்டோ மாதக்கணக்கில் காத்திருக்கும். பெட்டி அங்கேயே இருக்கும்வரை ஆசையும் அங்கேயே இருக்கிறது. கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மனவலிமையுடன் போராடுவதைவிட, முதல் நாளிலேயே ஒருமுறை தீர்மானிப்பது எளிது.

பெட்டிகள் வந்த அன்றே அவற்றை இறைவன் திருமுன் வைத்து வணங்கி, பங்கிட்டுவிடலாம். பிரிக்கப்படாத நல்ல பெட்டி வேலைக்கு வரும் அம்மாளுக்கு. மற்றொன்று அடுக்ககக் காவலரின் பிள்ளைகளுக்கு. விரைவில் கெடும் பால் இனிப்பு அன்று மாலையே அண்டை வீடுகளுக்கு. எஞ்சிய சிறு பகுதியைக் குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து, சுவையை உணர்ந்து, மெதுவாக உண்ணலாம். தாத்தாவிடம் "உண்ணாதீர்கள்" என்று சொல்வதற்குப் பதிலாக, "உங்கள் கையால் கொடுங்கள்" என்று சொல்லலாம். உணவு வீணாகாது என்ற நிம்மதி அவருக்கும் கிடைக்கும். கொடுக்கும் கையின் மகிழ்ச்சி, நா தரும் மகிழ்ச்சியைவிட நீண்ட நேரம் நிற்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதேனும் கெட்டுப்போனால், அதைத் துணிந்து எறிந்துவிடுவதே நேர்மை. அடுத்த ஆண்டு குறைவாக வாங்க வேண்டும் என்ற பாடம் அதில் கிடைக்கிறது. கொடுத்தபின் உண்பவனுக்கு மிச்சம் ஒருபோதும் சுமையாவதில்லை. உண்டபின் கொடுப்பவனுக்கு அது சுமையாகாமல் போவதும் இல்லை.