ஏறாமல் விட்ட பேருந்து

பேருந்தின் கதவு திறந்தால், ஆள் ஏறியதும் மூடும். ஏறவில்லை என்றாலும் மூடும். அமெரிக்காவின் மினியாபொலிஸ் மாதிரி குளிர் ஊரில் ஓட்டுநர்கள் அதற்கு ஒரு நொடிகூடத் தாமதிக்க மாட்டார்கள். உள்ளே இருக்கிற சூடு வெளியே போனால் எல்லாருக்கும் நஷ்டம். ஆனால் நான் வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஓட்டுநர் அம்மா ஒருவர் கதவை மூடவில்லை. அதுதான் இன்னும் என்னை விடமாட்டேன் என்கிறது.

நடந்தது இவ்வளவுதான். ஏப்ரல் நடுவில் ஒரு சாயங்காலம். வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மழையாக ஆரம்பித்தது வழியில் ஐஸ் குருணையாக மாறிவிட்டது. காற்று நேர் எதிரே. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளவும் நனைந்த கையுறையை மாற்றவும் லேக் ஸ்ட்ரீட்டில் ஒரு பேருந்து நிறுத்தத்தின் கூரைக்குள் ஒதுங்கினேன். பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. இந்த ஊர்ப் பேருந்துகளின் முன்பக்கம் சைக்கிள் வைக்க ஒரு இரும்புத் தாங்கி மடித்து வைத்திருக்கும். அதை விரலால் காட்டி, "அதுல மாட்டிட்டு ஏறுங்க, காசு வேண்டாம்" என்றார். நன்றி சொல்லிவிட்டு, ஓட்டித்தான் போகவேண்டும் என்றேன். "ஏன்?" என்று கேட்டார். ஒரு உறுதி எடுத்திருக்கிறேன் என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. கதவு மட்டும் திறந்தே இருந்தது. முன் இருக்கையில் ஒரு முதியவர் கோட்டின் கழுத்துப் பட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டார். ஐஸ் குருணை படிக்கட்டில் விழுந்து தெறித்தது. உள்ளிருந்து வந்த சூடு என் முகத்தில் படுகிறது; நான் நிற்கிறேன்; அவர் காத்திருக்கிறார். பிறகு கதவு மூடியது.

உறுதி என்று நான் சொன்னது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் மாதத்தின் முப்பது நாளும் தினம் சைக்கிள் ஓட்டுவது. 2010இல் இதே மினியாபொலிஸில் தொடங்கிய வழக்கம் இது. பிறகு வெவ்வேறு ஊர்களுக்கும் பரவியது. தூரம் இவ்வளவு என்று கிடையாது. தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாலும் அன்றைய நாள் கணக்கில் சேர்ந்துவிடும். தினமும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

ஏப்ரலில் என்ன கஷ்டம், அது வசந்தம்தானே என்று தோன்றலாம். இங்கே வசந்தம் நாள்காட்டியில் வந்துவிடும். தெருவுக்கு வந்து சேர நாளாகும். வடக்கே கனடாவிலிருந்து இறங்கும் குளிர்காற்றும் தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஏறிவரும் ஈரக்காற்றும் இந்தச் சமவெளியில் மோதிக்கொள்கிற மாதம் அது. காலையில் வெயில் அடிக்கும், மதியம் மழை, இரவு பனி. 2018இல் ஏப்ரல் நடுவில் பனிப்புயல் வந்து ஊரையே மூடியது. வருஷம் முழுக்க ஓட்டுகிறவர்களைக் கேட்டால், ஜனவரியே தேவலாம் என்பார்கள். நானும் அதை ஒப்புக்கொள்வேன். பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரியில் விழும் பனி மாவு மாதிரி உலர்ந்திருக்கும். தோளைத் தட்டினால் உதிர்ந்துவிடும். பூஜ்யத்துக்கு மேலே ஒரு டிகிரியில் விழுவதோ கையுறைக்குள் இறங்கும், சப்பாத்துக்குள் இறங்கும், பிரேக் கட்டையில் ஒட்டும். தார்ச்சாலையின் விரிசலில் இறங்கிய தண்ணீர் இரவில் உறைந்து, பகலில் இளகி, சாலையைக் குழிகுழியாகப் பெயர்த்து வைத்திருக்கும். குழி மேல் தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது. குளிர்காலம் முழுக்க வழுக்காமல் இருக்கக் கொட்டிய மணல் ஓரத்தில் குவிந்திருக்கும். திருப்பத்தில் சக்கரம் அதில்தான் சறுக்கும். மட்கார்டு இல்லாத சைக்கிள் என்றால் முதுகு முழுக்க அந்தச் சேறு. செயினைத் துடைத்து எண்ணெய் விடாமல் ஒரு வாரம் விட்டால் செம்பழுப்பாகத் துரு ஏறிவிடும்.

இதெல்லாம் எனக்குப் பிடித்தே இருந்தது. அதனால் கஷ்டத்தைப் பற்றி முறையிட நான் எழுதவில்லை. என்னை அரிப்பது வேறு. அன்று காலையிலேயே நான் சைக்கிளில்தான் வேலைக்குப் போயிருந்தேன். அந்த நாள் அப்போதே கணக்கில் சேர்ந்துவிட்டது. சாயங்காலம் பேருந்தில் ஏறியிருந்தாலும் உறுதிக்கு ஒரு குறையும் வந்திருக்காது. அப்படியானால் திறந்த கதவுக்கு முன்னால் நின்று நான் காப்பாற்றியது எதை?

பள்ளியில் படிக்கும்போது காந்தியின் சத்திய சோதனை வாசித்திருக்கிறேன். அதில் பெரும்பாலானவை மறந்துவிட்டன. ஆட்டுப்பால் மட்டும் நின்றுவிட்டது. காந்தி தென்னாப்பிரிக்காவில் இருந்தபோதே பாலை விட்டுவிட்டவர். 1918இல் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் சேர்க்க அலைந்து, கடும் சீதபேதியில் படுத்து, பிழைப்பாரா என்ற நிலைக்குப் போகிறார். பால் குடித்தால்தான் உடம்பு தேறும் என்கிறார் மருத்துவர். விரதம் இருக்கிறதே என்கிறார் இவர். பசு, எருமைப் பாலைத்தானே விட்டீர்கள், ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று பக்கத்திலிருந்து கஸ்தூர்பா சொல்கிறார். காந்தி குடித்துவிடுகிறார். சொல் தப்பித்தது, அதன் உயிர் போய்விட்டது என்கிற வருத்தம் அந்த நூலை எழுதும்போதும் அவருக்கு ஆறவில்லை.

சிறுவயதில் படித்தபோது எனக்கு இதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை. உயிர் போகிற நேரத்தில் பால் குடித்தால் என்ன என்று தோன்றியது, அவ்வளவுதான். இப்போது யோசித்தால் கஸ்தூர்பாவின் பக்கம்தான் மனம் போகிறது. படுக்கை ஓரம் நின்று, அவருடைய விரதத்தையும் மதித்து, அவர் உயிரையும் விடாமல், இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து கண்டுபிடித்துக் கொடுத்தவர் அவர். விரதம் இருந்தவரின் மனப்போராட்டத்தை அவரே எழுதிவிட்டார். ஆட்டுப்பால் குடிக்கலாமே என்றவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நாம் கேட்பதில்லை. கதவைத் திறந்து வைத்திருந்தவரைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்தது இங்கிருந்துதான்.

எங்கள் ஊர்ப்பக்கம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போவார்கள். புதுக்கோட்டை, காரைக்குடிச் சாலைகளில் அந்த நாட்களில் கூட்டம் கூட்டமாக நடப்பதைப் பார்க்கலாம். வழிநெடுக மோர் கொடுப்பார்கள், சாப்பாடு போடுவார்கள், கால் வலிக்குத் தைலம் தருவார்கள். ஆனால் காவியோ பச்சையோ கட்டி நடக்கிற ஒருவரைப் பார்த்து எந்த லாரிக்காரரும் "ஏறிக்கிறீங்களா?" என்று கேட்கமாட்டார். கேட்கக்கூடாது என்று அவருக்குத் தெரியும். அந்த நேர்த்திக்கடன் நடக்கிறவருடையது மட்டும் இல்லை; மோர் ஊற்றுகிறவரும் அதில் ஒரு பங்கு தாங்குகிறார். அதனால்தான் அங்கே உதவியும் விரதமும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. என்னுடையது அப்படி இல்லை. நான் என்ன எடுத்திருக்கிறேன் என்று அந்த ஓட்டுநருக்குத் தெரிய வழியே இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது நனைந்து நிற்கிற ஒரு ஆள். அவர் கையில் இருந்தது ஒரு கதவு. திறந்தார். யாருக்கும் சொல்லாமல் எனக்கு நானே எடுத்துக்கொண்ட ஒன்றின் பாரத்தை, அதைப் பற்றி எதுவும் அறியாத ஒருவர் மேல் சில நொடிகள் வைத்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. கோட்டுப் பட்டையைத் தூக்கிவிட்ட அந்த முதியவர் மேலும்தான்.

சைக்கிள் என்றால் எனக்கு அம்மாதான். கீரனூர்ப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் வந்தது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று முனைந்தார். பிற்பாடு பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதினார். இந்திப் பாடநூலில் வடநாட்டுப் பிள்ளைகள்கூட அதைப் படித்தார்கள். எனக்கு அது பாடமாக வரவில்லை, களத்துமேடாக வந்தது. பகலில் கூச்சம் என்று பொழுது சாய்ந்த பிறகு பெண்கள் சைக்கிளோடு வருவார்கள். ஒருத்தி ஓட்ட, இன்னொருத்தி கேரியரைப் பிடித்தபடி பின்னால் ஓடுவாள். அம்மா கற்றுக்கொண்டது வாடகைக்கு எடுத்த ஆம்பளை சைக்கிளில். லேடீஸ் சைக்கிளுக்கு அப்போது ஏக கிராக்கி. பிறகு சொந்தமாக வாங்கியதும் அதே மாதிரி கம்பி வைத்ததுதான். கம்பி இருந்தால் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பார். கம்பியில் அப்பாவின் பழைய துண்டைச் சுற்றி என்னை உட்காரவைப்பார். துண்டு நழுவி நழுவிப் போகும். ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி இன்னொரு கையால் அதை இழுத்து விடுவார். பின்னால் கீரைக்கட்டு, அல்லது தண்ணீர்க் குடம்.

ஒரு ஐப்பசி மழையில் நாங்கள் கீரனூரிலிருந்து திரும்பும்போது பால்வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தினார். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை இறக்கி, சைக்கிளைத் தூக்கிக் கேன்களுக்கு நடுவில் சாய்த்து, தானும் ஏறிக்கொண்டார். அந்தக் காட்சியை வைத்துத்தான் பேருந்தின் கதவுக்கு முன்னால் ஏன் நின்றேன் என்கிற கேள்விக்கு வெகுநாள் நான் ஒரு விடை வைத்திருந்தேன். அம்மாவுக்கு ஓட்டவேண்டிய தேவை இருந்தது. அதனால் உறுதி தேவைப்படவில்லை. எனக்குப் பேருந்து இருக்கிறது, கார் இருக்கிறது, தேவை இல்லை. அதனால்தான் உறுதி வேண்டியிருக்கிறது. தேவைக்கு ஓட்டுகிறவர் நீட்டிய கையைச் சட்டென்று பிடித்துக்கொள்வார். விருப்பத்துக்கு ஓட்டுகிறவர்தான் கதவுக்கு முன்னால் நின்று யோசிப்பார். சௌகரியம் உள்ளவர்கள் கஷ்டத்தை ஏன் தேடிப் போகவேண்டும் என்கிற கேள்வியும் இதற்குள்ளேயே இருந்தது. அந்தக் கேள்வி நியாயமானது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அந்த விடையும் நிலைக்கவில்லை. பேருந்து விஷயத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில் சொன்னேன். முதலில், "ஏம்ப்பா, காய்ச்சல் கீய்ச்சல் வரலையே?" என்றார். பால்வண்டியை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. "அன்னிக்கு நீ கூட இருந்தே. உனக்குச் சளி பிடிச்சா யாரு பாக்கறது?" என்றார். நான் இல்லாமல் தனியாகப் போன நாட்களில்?

"டவுன் பஸ் வரும். கை காட்டாமலே நிப்பாட்டுவான். விட்டுருவேன்."

"மழையிலயுமா?"

"மழையிலயும்தான். ஓட்டணும்போல இருக்கும். அப்பதானே கத்துக்கிட்டிருந்தோம்."

டிக்கெட் காசை மிச்சம் பிடிக்கத்தானே என்று கேட்டேன். அதுவும்தான் என்றார், அதை ஒரு பெரிய காரணமாக எடுத்துக்கொள்ளாத குரலில். பிறகு பேச்சு தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டது.

தேவை என்று நான் தனியே எடுத்து வைத்திருந்த பக்கத்திலும் விருப்பம் இருந்திருக்கிறது. அம்மாவும் கதவு திறந்த பேருந்தைப் போகவிட்டவர்தான். எந்த உறுதியும் எடுக்கவில்லை, நாள் எண்ணவில்லை, ஏன் என்று அவரை யாரும் கேட்கவும் இல்லை. அப்படியானால் அன்று லேக் ஸ்ட்ரீட்டில் "ஒரு உறுதி" என்று நான் சொன்னது, "ஓட்டணும்போல இருக்கிறது" என்று ஒரு அந்நியரிடம் சொல்லக் கூசி எடுத்துப் போர்த்திக்கொண்ட காரணமாகவும் இருக்கலாம். ஐஸ் மழையில் ஓட்டணும்போல இருக்கிறது என்று யாரிடம்தான் சொல்வது? உறுதி என்றால் மரியாதையாக இருக்கிறது, ஆசை என்றால் அப்படி இல்லை. இதைப் பிடித்துக்கொண்டு போனால், ஆசை போதுமே, உறுதி எதற்கு என்று வந்து நிற்கவேண்டும். அங்கேயும் என்னால் நிற்க முடியவில்லை. ஏனென்றால் அந்த மாதத்தின் பல விடியற்காலைகளில் எனக்கு ஆசை துளிகூட இருந்ததில்லை. ஜன்னலில் குருணை அடிக்கிற சத்தம் கேட்டதும் போர்வையை இழுத்துக்கொள்ளத்தான் தோன்றும். எழுப்பிவிட்டது அந்த உறுதிதான். ஓட்ட ஆரம்பித்து இரண்டு தெரு தாண்டிய பிறகு, உடம்பு சூடானதும், ஆசை வந்து சேர்ந்துகொள்ளும். சில நாள் வராமலேயும் போய்விடும்.

வருகிற ஏப்ரலுக்கு மறுபடி உறுதி எடுப்பதா, இல்லை அம்மாவைப் போல எதையும் எடுத்துக்கொள்ளாமல் ஓட்டிப் பார்ப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். உறுதி இல்லாவிட்டால் அந்த ஆசை ஏப்ரல் மாதத்தைத் தாங்குமா என்று எனக்குத் தெரியவில்லை. தாங்காது என்றால், அது எப்போதாவது ஆசையாக இருந்ததா என்பதும் தெரியவில்லை.